பின்னணி எண்ணிக்கை

விழுந்தபோது சத்தமே இல்லை.
சுண்டுவிரல் அளவு குழாய்,
மூடி சரியாக இறுகவில்லை,
மேசை விளிம்பிலிருந்து நிலத்துக்கு
மூன்று துளி, அல்லது நாலு.
தண்ணீர் மாதிரித்தான் இருந்தது.
தண்ணீர் மாதிரி இருப்பதுதான் அதன் கள்ளம்.

சிஃபானா துடைக்கக் குனிந்தாள்,
வீட்டில் பால் சிந்தினால் குனிவதுபோல.
"தொடாத! நிக்கிற இடத்திலயே நில்!"
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
விக்னரூபன் மின்விசிறியை நிறுத்தினான்.
கோணேசபுரியில் மே மாதம், பகல் பன்னிரண்டரை,
வெளியே கச்சான் காற்று ஜன்னலை உலுக்குகிறது,
உள்ளே அறை
அடுப்பில் மறந்த சட்டி.

ஓடக்கூடாது.
பயந்த கால் நாலு துளியை
நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் கொண்டுபோகும்,
பஸ்ஸேறும்,
வீட்டுப் பாயில் போய்ப் படுக்கும்.

உறிஞ்சுதாளை அதன்மேல் பரப்பினேன்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல
என்று எழுத ஆசைதான்.
கை நடுங்கி, தாள் கோணலாக விழுந்தது.
இன்னொரு தாள். பிறகு இன்னொன்று.
சுற்றிச் சோக்கால் ஒரு கோடு.
கோட்டுக்கு உள்ளே அவள், வெளியே நாங்கள்.

தயாபரன் சேருக்கு அழைத்தேன்.
நகரத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வர வேண்டும்,
கோட்டைப் பக்கம் மான்கள் றோட்டை மறிக்காவிட்டால்
இருபது நிமிடம்.
அதுவரை எங்களோடு இருந்தது
கையடக்கப் பெட்டி ஒன்று,
பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்று.

மேலங்கியைக் கழற்றினாள், உட்புறம் வெளியே வர.
காலணி கோட்டுக்குள்ளேயே கிடந்தது.
வலது கை, ஒன்றுமில்லை.
இடது கையில்
கையுறை முடிந்து சட்டை தொடங்காத
அந்த இரண்டு விரல் அகலத்தில்
பெட்டி மழையாய்ப் பொழிந்தது.

வெதுவெதுத் தண்ணீர், சாதாரணச் சவர்க்காரம்.
"உரஞ்சாத, மெல்லக் கழுவு.
தோல் கீறினா அதுக்கு வாசல் திறந்த மாதிரி."
முதல் கழுவலில் பாதி போனது.
இரண்டாவதில் இன்னும் கொஞ்சம்.
மூன்றாவதுக்கு முன் கேட்டாள்:
"மிஸ், இந்தக் கையால தம்பிக்குச் சோறு தீத்தலாமா?"
நான் உடனே பதில் சொல்லவில்லை.
பெட்டி சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.
கழுவி, ஈரம் ஒற்றி, பிடித்துப் பார்த்து
பிறகுதான் சொன்னேன்: "ஓம். தீத்தலாம்."

நிலத்தை வெளியிலிருந்து உள்ளே துடைத்தோம்,
ஒரு துடைப்புக்கு ஒரு தாள்.
உள்ளிருந்து வெளியே இழுத்தால்
அது துடைப்பதல்ல, பூசுவது.
நாலரைக்குச் சோக் வட்டம் அமைதியானது.

அப்போதுதான் கதவடியில் பெட்டி டிக்கடித்தது.
ஒருவரும் மிதிக்காத மூலை.
என் வயிறு குளிர்ந்தது. கொண்டுபோய்விட்டோமா?
நடுவில் பெர்ஸ்பெக்ஸ் தட்டை வைத்தேன்.
எங்கள் பொஸ்பரஸ் என்றால் வாயடைத்துவிடும்.
இது குறைந்தது, ஆனால் முணுமுணுத்தது.

சிஃபானாவின் பை அங்கே தொங்கியது.
கவிழ்த்தோம்.
பேனை, பஸ் டிக்கெட், பாதி பிஸ்கட்,
அடியில் ஒரு பிடி கறுப்பு மணல்.
"புல்மோட்டை மண் மிஸ்," என்றாள் வெட்கத்தோடு,
"எங்கட கடற்கரை. எந்தப் பையிலயும் இருக்கும்."
தயாபரன் சேர் சிரிக்கவில்லை. குனிந்து
அந்த மணலுக்கும் ஒரு எண் எழுதினார்.

குப்பைப் பையில் திகதி ஒட்டினேன்: மே பதினாலு.
பதினாலு நாளுக்கு ஒருமுறை பாதியாகும்,
பாதியில் பாதி, அதில் பாதி.
ஒக்டோபர் நாலாம் திகதி திறந்து அளந்தேன்,
வாடைக்கு முன்.
ஊமைப் பை. வெறும் தாள்.
சாதாரணக் குப்பையோடு போயிற்று.

மணல் இன்னும் என் அலுமாரியில்,
மூடியிட்ட சின்னப் போத்தலில்.
அதிலுள்ள தோரியம் பாதியாக
ஆயிரத்து நாநூறு கோடி வருஷம்.
அதன் லேபிளில்
கழிக்கும் திகதி என்ற இடத்தை
இன்னும் நிரப்பவில்லை.